பேச்சு வரலன்னா புத்தியும் இல்லன்னு ஏன் முடிவு பண்றாங்க? (தம்பிக்கு 14 வயசு, ஆட்டிசம், சர்டிபிகேட்ல 46)

கோரையாறு_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இங்க ஒரு வருஷமா படிச்சிக்கிட்டு மட்டும் இருக்கேன், எழுதுறது இதான் மொத தடவ. கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கங்க.

எங்களுக்கு நீடாமங்கலம் பக்கம். அப்பா ஆத்துல லஸ்கர், மதகு ஷட்டர் ஏத்தி எறக்குற வேல. எனக்கு அடுத்து ஒரு தம்பி, ஆட்டிசம். பேச்சு ரொம்ப கம்மி, எண்ணிப்பாத்தா இருபது வார்த்த தேறும், அதுலயும் பாதி டிவி விளம்பரத்துல கேட்ட வரிதான், "வேணும்" "போதும்" "ஆத்துக்கு" இந்த மூணுந்தான் அவனா சொல்றது. கூப்பிட்டா திரும்ப மாட்டான், ஃபேன பாத்துக்கிட்டு கைய உதறிக்கிட்டே இருப்பான். வூட்டுக்கு யாரு வந்தாலும் அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணிடுறாங்க, "பாவம், புள்ளைக்கு புத்தி பத்தாது போலருக்கு"ன்னு, அதுவும் அவன் அங்கயே நிக்கிறப்ப.

ஆனா அவன் திண்ணையில சாக்பீஸால ஆறு போடுவான். சும்மா கோடு இல்லங்க. தென்பெரம்பூர்ல வெண்ணாத்துலேருந்து வெட்டாறும் வடவாறும் பிரியறது, அங்கேருந்து கீழ வந்து மூணாறு தலைப்புல கோரையாறு பாமணியாறு பிரியறது, அதுக்கும் கீழ எங்க ஊரு வாய்க்கா, கிளை வாய்க்கா, கன்னி வாய்க்கா வரைக்கும் வந்துடும். ஒவ்வொரு மதகுலயும் ஷட்டர் எவ்ளோ ஏத்தியிருக்குங்கறதுக்கு குட்டியா ஒரு கோடு. அப்பாகூட சைக்கிள்ல போயி பாத்தத அப்புடியே எறக்கி வச்சிடுவான். போன வருஷம் தண்ணி வுட்ட மொத வாரம், சாயங்காலம் அப்பா டூட்டி முடிச்சிட்டு வந்து காலு கழுவறதுக்குள்ள கைய புடிச்சு திண்ணைக்கு இழுத்துக்கிட்டு போயி ஒரு மதகு மேலயே தட்டுறான் தட்டுறான், அதுல கோடு கீழ இருக்கு. அப்பாவுக்கு மொதல்ல ஒண்ணும் வெளங்கல. அப்பறம் டார்ச் எடுத்துக்கிட்டு போயி பாத்தா காலையில ஏத்தி வுட்டுட்டு வந்த பலகைய யாரோ எறக்கி வச்சிருக்காங்க, கீழ கடைமடைக்கு தண்ணி போவல. தம்பி மத்தியானம் அம்மாகூட அந்த கரை வழியா வந்திருக்கான், அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சர்டிபிகேட்டுக்காக ஒரு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போனோம். இருபது நிமிஷம் பாத்தாங்க. உன் பேரு என்ன, மாட்டுக்கு எத்தன காலுன்னு கேட்டாங்க, இவன் வாயே தொறக்கல, ஃபேன பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். அப்பறம் அம்மாகிட்ட கொஞ்சம் கேள்வி கேட்டு எழுதிக்கிட்டாங்க. கடைசில 46ன்னு ஒரு நம்பர். "இவனுக்கு ஒண்ணும் புரியாதும்மா, எதிர்பார்ப்ப கொறச்சிக்கங்க"ன்னு அவன் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க. அன்னிலேருந்து பதினோரு நாளு அவன் சாக்பீஸ தொடல. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு எனக்கு தெரியாது, ஆனா நாள எண்ணிக்கிட்டு இருந்தேன்.

சொந்தக்காரங்க ரெண்டு கட்சி. பெரியப்பா மந்தம்னு முடிவே பண்ணிட்டாரு. கும்பகோணத்து அத்தை இருக்காங்களே அவங்க அப்புடியே எதிர்ப்பக்கம், ராமானுஜம் கூட மூணு வயசு வரைக்கும் பேசலயாம், இவனுக்குள்ளயும் ஒரு மேதை ஒளிஞ்சிருக்கான், நீங்கதான் வெளிய கொண்டாரணும்னு கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்கு மூணு தடவ கூட்டிட்டு போயிட்டாங்க. ஒவ்வொரு தடவ திரும்பி வர்றப்பவும் என்ன பேசுறான்னு அவன் வாயையே பாப்பாங்க.

அந்த 46-அ எந்த அளவுக்கு நம்பறது? ஸ்கூல்ல வேற, இப்ப எட்டாவது, அடுத்த வருஷம் ஒன்பதாவதுக்கு இங்க வேணாம், ஸ்பெஷல் ஸ்கூல் பாத்துக்கங்கன்னு சொல்றாங்க, இந்த நம்பரத்தான் காரணமா காட்டுறாங்க. சட்டப்படி அப்புடி சொல்லலாமா?

இன்னொண்ணும் சொல்லிடுறேன், சொல்லாம இருந்தா நிம்மதி இல்ல. நான் பிளஸ் டூ படிக்கறப்ப என் ஃப்ரண்ட்ஸ் வூட்டுக்கு வந்தப்ப நானே சொல்லியிருக்கேன், "அவன கண்டுக்காதீங்கடி, அவனுக்கு ஒண்ணும் தெரியாது"ன்னு. அவன் கதவுகிட்டதான் நின்னுக்கிட்டு இருந்தான்.


மன்னை_அம்மா:

தங்கச்சி, உங்க வூட்டு நெலமைக்கு நேர் எதிரா இருக்கு எங்க வூட்டு நெலம, அதனால எழுதறேன். என் பொண்ணுக்கு 11 வயசு, அவளும் ஆட்டிசம்தான், ஆனா வாய் ஓயாது. மூணு வயசுல பஸ்ஸு போர்டு படிப்பா, யாரும் சொல்லித்தரல, அஞ்சு வயசுல பேப்பர எடுத்து தலைப்பு செய்தி மொத்தமும் நிறுத்தாம படிப்பா. அப்ப தெரு முழுக்க எங்க வூட்லதான், ஜீனியஸ் ஜீனியஸ்ன்னு, கலெக்டர் ஆவா ஐஏஎஸ் ஆவான்னு. அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா சொல்ல தெரியாதுங்கறத ஒருத்தரும் கவனிக்கல, நானே ரெண்டு வருஷம் கவனிக்கலங்க, எனக்கும் பெருமையா இருந்துச்சு.

இப்ப பாருங்க, அவ நாப்பது திருப்புகழ் மனப்பாடமா சொல்லுவா ஆனா வயித்த வலிக்குதுன்னு சொல்ல தெரியாது, போன தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு நாளு சோறு வேணாம்னு கத்திக்கிட்டே இருந்தா நாங்க அடம்னு நெனச்சி திட்டிட்டோம், ஸ்கேன்ல பாத்தா குடல்வால் வீங்கியிருக்கு. டாக்டர் கேக்குறாரு இவ்ளோ நல்லா பேசுற புள்ள ஏன்மா சொல்லலன்னு. நான் என்ன பதில் சொல்றது.

ஸ்கூல்லயும் அதேதான். பரீட்சைக்கு கூடுதல் நேரம் கேட்டா "நல்லா படிக்கிற புள்ளைக்கு எதுக்கு சலுகை, திமிருதான் ஜாஸ்தி"ன்னு சொன்னாங்க. உங்க தம்பிக்கு புத்தி இல்லன்னு சொல்லி ஒண்ணும் தர மாட்டேங்குறாங்க, என் பொண்ணுக்கு புத்தி இருக்குன்னு சொல்லி ஒண்ணும் தர மாட்டேங்குறாங்க. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்"ன்னு சொல்லியே வளத்துட்டாங்க நம்மள, அதனால வாய் எவ்ளோவோ அவ்ளோதான் மூளைன்னு அளக்குறாங்க. வாயி இருந்தும் என் புள்ள அன்னிக்கி பொழச்சதே பெரிய விஷயம்.

நம்பர் பத்தி எனக்கு சொல்ல தெரியல, இங்க தஞ்சாவூர் டீச்சர் ஒருத்தவங்க இருப்பாங்க, அவங்க வந்து சொல்லட்டும்.


தஞ்சை_ஸ்பெஷல்_டீச்சர்:

கூப்பிட்டுட்டீங்க, வந்துட்டேன். 16 வருஷமா இந்த வேலையில இருக்கேன்.

அக்கா தங்கச்சின்னு கூப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க கோரையாறு. அந்த ரிப்போர்ட்ட எடுத்து 46ங்கற நம்பருக்கு முன்னாடி எந்த எழுத்து இருக்குன்னு பாருங்க. ஐக்யூவா (புத்தி அளவு), எஸ்க்யூவா (சமூக முதிர்ச்சி அளவு)? நீங்க சொல்றத வச்சு பாத்தா, புள்ள பதில் சொல்லல, அம்மாகிட்ட கேட்டு எழுதினாங்கன்னா அது பெரும்பாலும் வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவையா இருக்கும். தானா சட்ட போடுவானா, தானா சாப்புடுவானா, கடைக்கு தனியா போயிட்டு வருவானா, காச கையாளுவானா, இப்புடி பெத்தவங்ககிட்ட கேட்டு போடற மார்க்கு. அன்றாட வாழ்க்கையில எவ்ளோ தானா செய்றான்ங்கறதுதான் அதுல தெரியும். அதுவும் தேவையான தகவல்தான், நான் கொற சொல்லல, ஆனா அது புத்தி அளவு கெடையாது. புள்ளைய பயந்துக்கிட்டு ஒரு நாளும் தனியா கடைக்கு அனுப்பாத வூட்ல "போவானா"ன்னு கேட்டா "போவ மாட்டான்"ன்னுதான் பதில் வரும், அங்கயே மார்க்கு போயிடும். இத வாங்கிட்டு வந்து ஐக்யூன்னு நெனச்சிக்கிட்டு வருஷக்கணக்கா அழுத வூடுங்கள நான் பாத்திருக்கேன்.

சரி, ஐக்யூவாவே இருந்தாலும் எந்த டெஸ்ட்டுங்கறது முக்கியம். நம்ம ஊருல ஜாஸ்தி போடறது பினே-காமத், மாலின் டெஸ்ட் இந்த மாதிரி. அதுல நெறைய கேள்வி வாயால கேட்டு வாயால பதில் வாங்கறது. இதுக்கு மாறா ரேவன்னு ஒரு டெஸ்ட் இருக்கு, ஜான் ரேவன்ங்கறவரு 1938ல கொண்டுவந்தது. ஒரு டிசைன்ல ஒரு துண்டு காணாம போயிருக்கும், கீழ இருக்கறதுல எது பொருந்தும்னு கைய வச்சா போதும், பேச வேண்டியதே இல்ல. 2007ல கனடாவுல மிஷெல் டாசன், மொத்ரோன்ங்கற ஆராய்ச்சியாளருங்க எல்லாரும் சேந்து 38 ஆட்டிச புள்ளைங்களுக்கு வெக்ஸ்லரும் (பேச்சுல பதில் கேக்கறதும் சேந்த வழக்கமான ஐக்யூ டெஸ்ட்டு) போட்டு ரேவனும் போட்டு பாத்தாங்க. நூறு பேர வரிசையா நிக்க வச்சா இந்த புள்ள எத்தனாவது எடத்துல நிக்கும்ங்கற கணக்குல ரேவன்ல சராசரியா 30 எடம் மேல ஏறிடுச்சு. ஆட்டிசம் இல்லாத புள்ளைங்களுக்கு ரெண்டு டெஸ்ட்டும் ஏறக்கொறைய ஒரே எடந்தான் காட்டுச்சு. அந்த டாசன் அம்மாவே ஆட்டிசம் உள்ளவங்க, அது எனக்கு எப்பவும் மனசுல நிக்கும்.

உங்க தம்பி மாதிரி பேச்சு கம்மியா உள்ள புள்ளைங்கள மட்டும் வச்சு 2015ல மான்ட்ரியல்ல ஒண்ணு பண்ணாங்க. 30 புள்ளைங்க. வழக்கமான வெக்ஸ்லர் டெஸ்ட்ட ஒருத்தர் கூட முழுசா முடிக்க முடியல. ரேவன பலகையில துண்டு பொருத்தற மாதிரி குடுத்தப்ப 26 பேரு முடிச்சாங்க. "டெஸ்ட் பண்ண முடியாத புள்ள"ன்னு எழுதி அனுப்பறோமே, அதுல எத்தன தடவ டெஸ்ட்டுதான் தப்போன்னு அத படிச்ச அன்னிக்கி எனக்கு தூக்கம் வரல, பழைய ஃபைல்ல எத்தன புள்ளைக்கு நான் அப்புடி எழுதியிருக்கேன்.

இதுக்காக எல்லாருக்கும் புத்தி நெறைய இருக்குன்னு நான் சொல்ல வரல. அமெரிக்காவுல 8 வயசு ஆட்டிச புள்ளைங்கள்ல ஐக்யூ விவரம் இருக்கறவங்கள மட்டும் எடுத்தா 2022 கணக்குப்படி 39.6 சதவீதம் ஐக்யூ 70 அல்லது அதுக்கு கீழ, அதத்தான் அறிவுசார் குறைபாடுன்னு கணக்குல எடுத்துக்கறாங்க. ஆட்டிசத்தோட அறிவுசார் குறைபாடும் சேந்து இருக்கற புள்ளைங்க நெறைய பேரு, அதுவும் உண்மை. ஆனா ரெண்டும் வேற வேற. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமை சட்டத்துலயே 21 வகையில ஆட்டிசம் தனி, அறிவுசார் குறைபாடு தனி. 1995 சட்டத்துல ஆட்டிசம்ங்கற பேரே கெடையாது, அப்பல்லாம் சர்டிபிகேட் வாங்கணும்னாலே மனவளர்ச்சி குன்றியவர்ங்கற தலைப்புல போயி நிக்கணும், அந்த பழக்கம் இன்னும் நெறைய பேரு பேனாவுல இருக்கு.

ஸ்கூல் விஷயம். அதே சட்டத்துல 31வது பிரிவு. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடுன்னு (இது அந்த 46 இல்ல, குறைபாட்டு சதவீதம் வேற) சர்டிபிகேட் உள்ள 6லேருந்து 18 வயசு புள்ளைக்கு இலவச படிப்பு, பக்கத்து ஸ்கூலா ஸ்பெஷல் ஸ்கூலாங்கறது நம்ம விருப்பம். அவங்க விருப்பம் இல்ல. இத எழுத்துல கேளுங்க, "ஏன் சேக்க முடியாதுன்னு எழுதி குடுங்க சார்"ன்னு மரியாதையா கேளுங்க, பெரும்பாலும் எழுதி தர மாட்டாங்க, சேத்துக்குவாங்க. வட்டார வள மையத்துல இருக்கற சிறப்பாசிரியரையும் கையோட கூட்டிக்கிட்டு போங்க. பத்தாவதுக்கு கூடுதல் நேரம், சொல்றத எழுத ஆளு, மொழிப்பாட விலக்கு எல்லாம் இருக்கு, மன்னை அம்மாவுக்கும் சேத்துத்தான் சொல்றேன், "நல்லா படிக்கிறா"ங்கறது மறுக்கறதுக்கு காரணமே இல்ல.


பூம்புகார்_பாண்டியன்:

சகோதரி, திருவெண்காடு புதன் சன்னதியில 17 தீபம் போடுங்க, எங்க அக்கா மகனுக்கு பேச்சு வந்துச்சு. அப்பறம் ஒரு வீடியோ பாத்தேன், பேசாத புள்ளையோட கைய ஒருத்தர் புடிச்சிக்கிட்டு கீபோர்டுல டைப் அடிக்க வைக்கிறாங்க, அந்த புள்ள என்னமா கவிதை எழுதுது தெரியுமா. உங்க தம்பிக்கு இத பண்ணி பாருங்க, உள்ள இருக்கறது எல்லாம் வெளிய வந்துடும்.


தஞ்சை_ஸ்பெஷல்_டீச்சர்:

பாண்டியன் தம்பி, கோயிலுக்கு போறது அவங்கவங்க மனசு, அதுல நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கைய புடிச்சு டைப் அடிக்கற முறைய மட்டும் தயவு செஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. 1990கள்லயே அத சோதிச்சு பாத்துட்டாங்க. கைய புடிக்கறவருக்கு ஒரு படம், புள்ளைக்கு வேற படம் காட்டினாங்க, ஒருத்தருக்கு என்ன காட்டுனாங்கன்னு இன்னொருத்தருக்கு தெரியாது. டைப் ஆகி வந்தது கைய புடிச்சவரு பாத்த படம். அவங்க பொய் சொல்லல, அவங்களுக்கே தெரியாம அவங்க கைதான் நகந்திருக்கு. அந்த கவிதை யாரோடதுன்னு அப்ப யோசிங்க. புள்ள சொல்ல நெனச்சது உள்ளயே கெடக்கும், மேல வேற ஒருத்தர் பேசிக்கிட்டு இருப்பாங்க, அத விட கொடும என்ன இருக்கு.

அவனா தொடற மாதிரி படம் வச்சு பேசற வழி இருக்கு. படத்த எடுத்து குடுத்து கேக்கற முறை, இல்லன்னா டேப்லெட்ல ஆப். ஆவாஸ்னு சென்னையில உருவான ஆப், தமிழ்லயும் இருக்கு. கோரையாறு, உங்க தம்பி ஏற்கனவே கோடு போட்டு பேசிக்கிட்டுதான் இருக்கான், மதகு பலகை எறங்கி கெடக்குன்னு அப்பாகிட்ட சொன்னானே அது பேச்சு இல்லாம வேற என்ன. அங்கேருந்து ஆரம்பிங்க.


நாகை_அப்பா_27:

எல்லாம் படிச்சேன். டீச்சரம்மா சொன்னதுல தப்பு இல்ல, ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு, சொல்லியே ஆவணும்.

என் பையனுக்கு 27 வயசு. ஆட்டிசம், அதோட புத்தி வளர்ச்சியும் கம்மி. நீங்க சொல்ற ரேவன், சதுரம் வட்டம் பொருத்தற மரப்பலகை டெஸ்ட், எல்லாம் நாலு எடத்துல நாலு வயசுல போட்டாச்சு, எல்லாத்துலயும் ஒரே மாதிரிதான் வந்துச்சு. அவன் ஆறு வரைய மாட்டான், தேதி சொன்னா கெழம சொல்ல மாட்டான். ஆனா ஆட்டிசம்னு சொன்னாலே வர்றவன் போறவன்லாம் "அப்ப எதாவது ஸ்பெஷல் டேலண்ட் இருக்குமே, என்னது"ன்னு கேக்குறாங்க. அத நம்பி நான் எட்டு வருஷம் கீபோர்டு கிளாஸ், டிராயிங் கிளாஸ், செஸ்ஸுன்னு அவன இழுத்துக்கிட்டு அலஞ்சேன். எட்டு வருஷம். ஒளிஞ்சிருக்கற திறமைய தேடறோம் தேடறோம்னு கண்ணு முன்னாடி நின்ன புள்ளைய நான் பாக்கல. அந்த காலத்துல அவனுக்கு தானா சவரம் பண்ண, பஸ் ஏற, சில்லற வாங்க கத்துக்குடுத்திருக்கலாம். இப்பதான் கத்துக்கறான்.

இன்னொரு கொடும மனவயசுன்னு ஒண்ணு எழுதறாங்களே அது. "மனவயது 5"ன்னு பேப்பர்ல எழுதிட்டாங்க. அதுலேருந்து பாக்கறவங்க எல்லாரும் அவன அஞ்சு வயசு புள்ளையா நடத்தறாங்க. கல்யாண வூட்ல மீச வச்ச ஆம்பளைக்கிட்ட வந்து கன்னத்த கிள்ளி "குட்டி சாக்லேட் வேணுமா"ன்னு கேட்டா அவன் மூஞ்சிய திருப்பிக்கறான், எழுந்து வெளிய போயிடறான். அஞ்சு வயசு புள்ள சாக்லேட்டுக்கு அப்புடி பண்ணுமா? 27 வருஷம் வாழ்ந்திருக்கான்ங்க அவன். அவங்க ஆத்தா செத்தத பாத்திருக்கான், சுனாமி வந்தப்ப எங்கூட மாடியில நின்னு பாத்திருக்கான், அப்ப ரொம்ப சின்னவன். ஒரு டெஸ்ட்ல அஞ்சு வயசு புள்ள எத்தன கேள்விக்கு பதில் சொல்லுமோ அத்தன சொன்னான், அதான் அதோட அர்த்தம், அவ்ளோதான்.

நான் கேக்கறது இதான். பாப்பா, உங்க தம்பி திறமையான புள்ள, சந்தோஷம், மனசார சொல்றேன். ஆனா "என் தம்பிக்கு உள்ள அறிவு இருக்கு, அதனால மரியாத குடுங்க"ன்னு ஊர்ல வாதாடாதீங்க. அப்ப அறிவு கம்மியா உள்ள என் புள்ளைக்கு மரியாத வேண்டாமா? அவன் முன்னாடி அவனப்பத்தி பேசலாமா?


கோரையாறு_அக்கா:

அய்யா, நீங்க சொன்னது நெஞ்சுல வந்து நின்னுடுச்சு. நான் அப்புடித்தான் வாதாடிக்கிட்டு இருந்தேன், பெரியப்பாகிட்ட அந்த மதகு கதைய எத்தன தடவ சொல்லியிருப்பேன். அது இல்லன்னா என்ன சொல்லியிருப்பேன்னு யோசிச்சு பாத்தா எனக்கு பதில் வரல.

டீச்சர், ரிப்போர்ட்ட எடுத்து பாத்தேன். எஸ்க்யூ 46ன்னுதான் இருக்கு. ரெண்டு வருஷமா நாங்க யாருமே அந்த எழுத்த பாக்கல.


ரைஸ்மில்_கணக்கு:

லேட்டா வர்றேன், ஆனா இந்த த்ரெட்ல ஆட்டிசம் உள்ளவங்க யாரும் இன்னும் எழுதலன்னு தோணுச்சு. எனக்கு 34 வயசு, பாபநாசம் பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லுல கணக்கு எழுதறேன். 29 வயசுலதான் ஆட்டிசம்னு தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி எனக்கு இருந்த பேரு "லூசு", "டேப் ரெக்கார்டர்", அப்பறம் பத்தாவதுல 462 வாங்கினப்ப ஒரே ஒரு வாரம் "புத்திசாலி".

வெளியில எப்புடி தெரியுதுன்னு எல்லாரும் எழுதிட்டீங்க, உள்ள எப்புடி இருக்குன்னு நான் சொல்றேன், என் அளவுல மட்டும். ஒருத்தர் கேள்வி கேட்டா எனக்கு அது மொதல்ல சத்தமாத்தான் வரும், அப்பறம் வார்த்தையா பிரியும், அப்பறம் அர்த்தம் வரும், அப்பறம் பதில் தேடணும், அத வாய்க்கு கொண்டாரணும். அதுக்குள்ள கேட்டவரு "சரி விடு இவனுக்கு தெரியல"ன்னு அடுத்த ஆளுகிட்ட போயிருப்பாரு. பதில் என்கிட்ட இருக்கும், அவர் முதுகுதான் எதிர்ல இருக்கும். காலேஜ்ல வைவாவுல எனக்கு வந்தது 40க்கு 11, அதே பாடம் எழுத்துல 60க்கு 54. அந்த 11 மார்க்கு பாத்த சார் என்ன கூப்பிட்டு எழுத்து பரீட்சையில யார பாத்து எழுதினன்னு கேட்டாரு. அந்த கேள்விக்கும் எனக்கு ஒடனே பதில் வரல, அதையே அவரு ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டாரு. கண்ண பாத்து பேசுடான்னாரு, கண்ண பாத்தா எனக்கு காது வேல செய்யாது, ரெண்டுல ஒண்ணுதான் முடியும்.

2017ல அமெரிக்காவுல சாசன்ங்கற ஆராய்ச்சியாளர் குழு பண்ண ஒண்ணு படிச்சேன். ஆட்டிசம் உள்ளவங்களும் இல்லாதவங்களும் கொஞ்ச நேரம் பேசறத பதிவு பண்ணி, சிலருக்கு வீடியோ, சிலருக்கு குரல் மட்டும், சிலருக்கு ஃபோட்டோ மட்டும், சிலருக்கு பேசினத எழுத்தா டைப் பண்ணி மட்டும் குடுத்திருக்காங்க, ஆட்டிசம்னு சொல்லல. வீடியோ குரல் ஃபோட்டோ பாத்தவங்க சில நொடியிலயே ஆட்டிச ஆளுங்கள கொறச்சு மார்க்கு போட்டுட்டாங்க, பழகவும் இஷ்டம் இல்லன்னாங்க. எழுத்த மட்டும் படிச்சவங்களுக்கு அந்த வித்தியாசமே தெரியல. சொன்ன விஷயத்துல கொற இல்ல, சொன்ன விதத்த பாத்துத்தான் எடை போட்டிருக்காங்க. அன்னிக்கி என் வைவா மார்க்கு ஞாபகம் வந்துச்சு. இப்ப மில்லுல ஓனர் எது கேட்டாலும் வாட்ஸாப்புல கேக்க சொல்லிட்டேன், அவரும் ஒத்துக்கிட்டாரு, ஆறு வருஷமா மூட்ட கணக்குல ஒரு தகராறு இல்ல. நான் கணக்குல புலி எல்லாம் இல்ல, கால்குலேட்டர்லதான் போடறேன். நேரம் குடுத்தா செய்வேன், எல்லாரையும் போல.

இன்னொரு விஷயம், இத எங்கயாவது சொல்லணும்னு ரொம்ப நாளா இருக்கு. தமிழ்ல ஆட்டிசத்துக்கு மதியிறுக்கம்னு பேரு வச்சிருக்காங்க. நல்ல எண்ணத்துலதான் வச்சிருப்பாங்க. ஆனா பாருங்க, பேர்லயே மதிய இழுத்துட்டாங்க. கேக்கறவங்களுக்கு மொதல்ல என்ன தோணும், மதி இறுகிப்போச்சு, அதாவது புத்தி வேல செய்யல. எனக்கு இறுகறது மதி இல்லங்க. தொண்டை இறுகும், கூட்டத்துல தோளு இறுகும், டியூப்லைட் சத்தத்துல பல்லு இறுகும். கார்டுல கவர்மெண்ட்டு பேப்பர்ல எப்புடியோ இருக்கட்டும், நான் ஆட்டிசம்னே சொல்லிக்கறேன்.

நாகை அய்யா, நீங்க கேட்ட கேள்விய நானும் என்னையே கேட்டுக்கிட்டேன், ஏன்னா எனக்கும் மரியாத கெடச்சது மார்க்க காட்டினப்பறந்தான், அந்த மார்க்கு இல்லன்னா எனக்கு என்ன ஆயிருக்கும்னு நெனச்சா பயமா இருக்கு. உங்க பையன் கல்யாண வூட்லேருந்து எழுந்து வெளிய போனது சரி. நானா இருந்தாலும் போயிருப்பேன், ஆனா என்ன விட சீக்கிரமா போயிருக்காரு.

கோரையாறு அக்கா, உங்க தம்பி பதினோரு நாளு சாக்பீஸ தொடலன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு ஏழு வயசுல ஒரு டாக்டர் என் முன்னாடியே "இது தேறாது"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. அந்த ரூமோட செவுத்து கலரு, மேஜையில இருந்த மருந்து கம்பெனி காலண்டரு எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கு. உங்க தம்பிக்கு எப்புடின்னு நான் சொல்ல முடியாது. அவன் கேட்டான்னு வச்சுக்கிட்டே நடந்துக்கங்க. கேக்கலன்னா நஷ்டம் ஒண்ணும் இல்ல.


மன்னை_அம்மா:

தம்பி, நேரம் குடுத்தா செய்வேன்னு எழுதினத என் வூட்டுக்காரருக்கு படிச்சு காட்டினேன். எங்க பொண்ணுக்கு இன்னிக்கிலேருந்து உடம்புல எங்க வலிக்குதுன்னு தொட்டுக்காட்ட ஒரு படம் வரைஞ்சு ஃப்ரிட்ஜுல ஒட்டியிருக்கோம், நாகை அய்யா சொன்னதும் மனசுல இருக்கு, திருப்புகழ் கொஞ்ச நாளு காத்திருக்கட்டும்.


கோரையாறு_அக்கா:

ஒரு வாரம் கழிச்சு எழுதறேன். நடந்தத சொல்லிடுறேன்.

ஸ்கூலுக்கு வட்டார வள மைய டீச்சரோட போனோம். எழுதி குடுங்கன்னு கேட்டோம். எழுதி தரல. ஒன்பதாவதுல சேத்துக்கறோம்னுட்டாங்க, கடைசி பெஞ்சு ஃபேனுக்கு கீழ எடம் கேட்டிருக்கேன், பாப்போம்.

பெரியப்பா ஞாயித்துக்கெழம வந்தப்ப வழக்கம்போல "பாவம் புள்ள"ன்னு ஆரம்பிச்சாரு. மதகு கதைய நான் எடுக்கல. "பெரியப்பா, அவன் இங்கதான் இருக்கான், அவன்கிட்டயே சொல்லுங்க"ன்னு மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்பறம் அவன் பக்கம் திரும்பி "சாப்டியாடா"ன்னு கேட்டாரு. தம்பி பதில் சொல்லல, ரொம்ப நேரம் கழிச்சு, பெரியப்பா செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறப்ப "போதும்"ன்னான். சாப்ட்டாச்சுங்கறதா, இல்ல வேற எதுக்கா, தெரியல. பெரியப்பா நின்னு திரும்பி பாத்தாரு.

ராத்திரி ரெண்டு வெள்ள அட்டை எடுத்துக்கிட்டு திண்ணையில அவன்கிட்ட உக்காந்தேன். ஒண்ணுல டெஸ்ட் எடுக்கற மாதிரி மேஜ நாற்காலி போட்டு பச்ச டிக்கு, இன்னொண்ணுல அதே மேஜ நாற்காலி மேல செவப்பு பெருக்கல். தஞ்சாவூருக்கு போயி புதுசா டெஸ்ட் எடுக்கலாமா, பேச வேண்டாம், கைய வச்சா போதும், பழைய எடம் இல்லன்னு மெதுவா சொன்னேன். அன்னிக்கி உன் முன்னாடி அப்புடி பேசினது தப்பு, நான் பிளஸ் டூவுல பேசினதும் தப்புன்னும் சொன்னேன். அவன் என்ன பாக்கல. ரைஸ்மில் தம்பி சொன்னாரேன்னு நான் எழுந்திரிக்கல, ஃபோனையும் எடுக்கல, எவ்ளோ நேரம்னு தெரியல, தெருவுல கடைசி பஸ்ஸு போயிடுச்சு. அப்பறம் செவப்பு பெருக்கல் அட்டைய எடுத்து என் மடியில வச்சான்.

அதனால இப்ப டெஸ்ட் வேணாம். மேட்டூர் தொறந்து தண்ணி வந்தா அவன் மனசு நல்லாருக்கும், அப்ப இன்னொரு தடவ கேப்பேன். டீச்சர், டெஸ்ட் இல்லாம உங்க சென்டர மட்டும் ஒரு சனிக்கெழம காட்டிட்டு கூட்டிட்டு வந்துடலாமா? அப்பாவும் வர்றேங்குறாரு.


தஞ்சை_ஸ்பெஷல்_டீச்சர்:

வாங்க. பதினோரு மணிக்கு மேல கூட்டம் இருக்காது. எங்க ரூமுல ஃபேன் கொஞ்சம் கடகடன்னு சத்தம் போடும், அவனுக்கு ஒத்துக்கலன்னா நிறுத்திடலாம், சுத்தறத பாக்கணும்னா ஓடட்டும். சாக்பீஸ் நான் வாங்கி வைக்கிறேன், தரை சிமெண்ட்டு தரைதான்.